பதினான்காம் வசனத்தோடு நிறுத்திவிடாதீர்கள்!



முடி வளர்த்தார்கள் என்பதற்காகவே ஆண் பிள்ளைகளைப் பாடகர் குழுவிலிருந்து விலக்கிவைக்கிற சபைகள் நம்மிடையே உண்டு. ஏன் என்று கேட்டால் உடனே முதலாம் கொரிந்தியர் 11:14ஐ நீட்டுகிறார்கள். ஆண் நீளமுடி வளர்ப்பது அவனுக்குக் கனவீனம் என்று பவுல் எழுதியிருக்கிறார். ஆம், எழுதியிருக்கிறார், நான் மறுக்கவில்லை. யாருக்கு எழுதினார்? ரோமரின் குடியேற்ற நகரமாகிய கொரிந்துவுக்கு. அங்கே ஆண்கள் முடியைக் குட்டையாகக் கத்தரிப்பதே மரியாதை.

அந்தப் பவுலே கொரிந்துவை விட்டுப் புறப்பட்டபோது என்ன செய்தார்? பக்கத்துத் துறைமுகமான கெங்கிரேயாவில், பொருத்தனையின் நிமித்தம் தலைச்சவரம் பண்ணிக்கொண்டார். அப்போஸ்தலர் 18ஐத் திறந்து பாருங்கள். எண்ணாகமம் 6ஆம் அதிகாரத்தின்படி, நசரேய விரதம் காக்கிறவன் தலையில் விரதம் முடியும்வரை சவரகன் கத்தி படவே கூடாது; முடிந்தபின்புதான் சவரம். சிம்சோன் அப்படி வளர்ந்தவன். சாமுவேலுக்காக அன்னாள் பண்ணிய பொருத்தனையும் அதுதான். கர்த்தருக்கென்று வளர்த்த முடி கனவீனமா? வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துகொண்டு முடி வளர்த்து, அங்கே போய் மொட்டை போடுகிற நம் ஜனங்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

நம் முப்பாட்டன்மார் தலையை வைத்தே இந்தச் சண்டை நடந்திருக்கிறது ஐயா! ஞானஸ்நானம் பெற்றவர்கள் குடுமியை எடுக்க வேண்டியதில்லை என்று மதுரையில் இயேசு சபைக் குருவான தத்துவ போதகர் நொபிலி வாதாடினார். வழக்கு ரோமாபுரி வரை போனது. 1623இல் பாப்பரசர் 15ஆம் கிரகோரி அனுமதி கொடுத்தார். 19ஆம் நூற்றாண்டில் மிஷனெரிமார் சிலர் மறுபடியும் குடுமிமேல் கத்தரியை வைத்தார்கள். குடுமி விக்கிரக ஆராதனையின் அடையாளம் அல்ல என்று திருநெல்வேலி மிஷனெரி கால்டுவெல் எழுதவேண்டி வந்தது. அந்த முப்பாட்டன்மார் வம்சத்தில் வந்த நாமா இன்று கத்தரியைக் கையில் எடுப்பது?

பதினான்காம் வசனத்தை மனப்பாடமாகச் சொல்கிற பெரியவர்களே, அந்த அதிகாரத்தை முடிவுவரை வாசியுங்கள். இருபத்தோராம் வசனம் என்ன சொல்கிறது? கர்த்தருடைய பந்திக்குக் கூடிவந்த இடத்தில் ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் குடித்து வெறித்திருக்கிறான். இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா என்று அடுத்த வசனத்தில் பவுல் கொதித்துக் கேட்கிறார். அவர் முடிக்காக இப்படிக் கொதிக்கவில்லை. நாமோ பையனின் காதோர முடியை அளந்துகொண்டிருக்கிறோம். ஆனால் அப்படி வெட்கப்படுத்துகிற வேலை நம்மிடமும் நடக்கிறது: சாதியைச் சொல்லிக் கல்லறைத் தோட்டத்தையே சுவர் எழுப்பிப் பிரித்து வைத்திருக்கிற ஊர்கள் நம்மிடம் உண்டே, அது யாருக்குக் கனவீனம்?

வருகிற ஞாயிறே அந்தப் பிள்ளைகளைப் பாட விடுங்கள். கல்லறைத் தோட்டத்தின் நடுவே சுவர் நிற்கிற ஊர்களில், அதை இடிக்கும் தீர்மானத்தை அடுத்த சபைக் கூட்டத்திலேயே கொண்டுவாருங்கள்!