கல்லறை இல்லாதவர்களுக்கும் ஒரு மெழுகுதிரி

(யூபிலி ஆண்டின் கல்லறைத் திருநாளன்று, மாலைத் திருப்பலிக்குப் பின் நம் கல்லறைத் தோட்டத்தில் பங்குக் குரு ஆற்றிய உரை)



கடந்த ஒரு வாரமாக நீங்கள் பாசியைச் சுரண்டி, சில்வர் ஓக் சருகுகளை அள்ளி, சிலுவைகளுக்குச் சுண்ணாம்பு அடித்தீர்கள். இன்று இந்தத் தோட்டம் மெழுகுதிரி ஒளியில் மின்னுகிறது. இந்த அழகு உங்கள் கைகளின் வேலை. அதற்காக இறைவனுக்கும் உங்களுக்கும் நன்றி.

வாசலருகே யூபிலி நினைவாகப் புதிதாய் ஒரு கல் நாட்டியிருக்கிறோம். "கடலில் மாண்டோர் நினைவாக" என்று அதில் செதுக்கியிருக்கிறது. அதைப் பார்த்துச் சிலர் கேட்டீர்கள்: "சாமி, இருபது கொண்டை ஊசி வளைவுக்கு மேலே ஏற்காட்டில் இருக்கிற நமக்குக் கடலோடு என்ன சம்பந்தம்?" நியாயமான கேள்வி. பதில் சொல்ல வேண்டியது நம் கடமை.

நாம் இந்தப் பங்கில் பொறுப்பேற்ற முதல் ஆண்டு, இதே நாள். வழக்கம்போல் கல்லறை கல்லறையாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு போனோம். தோட்டத்து லைன் வீட்டிலிருந்து வந்த ஒரு தாய், கையில் மெழுகுதிரியோடு வாசலிலேயே நின்றிருந்தார். அவரைத் தாண்டித்தான் போனோம். ஏன் நிற்கிறீர்கள் என்று கேட்கவில்லை. எல்லாரும் கலைந்த பிறகு, அவர் பெரிய சிலுவையின் அடியில் அந்தத் திரியை ஊன்றிவிட்டுப் போனதைக் கண்டோம். உபதேசியாரிடம் கேட்டபோதுதான் தெரிந்தது. அவருடைய மகன் 2004-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்புக்கு வேளாங்கண்ணிக்குப் போனவன், திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை.

அன்றிரவே மரணப் பதிவேட்டைப் புரட்டினோம். அவன் பெயர் இல்லை. அடக்கம் முடிந்ததும் இறந்தோர் பதிவேட்டில் எழுத வேண்டும் என்கிறது 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 1182-ஆம் பிரிவு. அடக்கமே நடக்காதவனை எப்படி எழுதுவது? காணாமற்போனவரை இறந்தவராகக் கொள்ள நாட்டுச் சட்டமும் பொதுவாக ஏழு ஆண்டுகள் காத்திருக்கிறது. சட்டங்களுக்கு அவற்றின் காரணம் உண்டு. ஆனால் தாயின் கண்ணீருக்குப் பதிவேட்டில் கட்டம் போடாதது சட்டத்தின் குற்றமன்று. பங்குக் குருவாகிய நம் கவனக்குறைவு.

அந்த நாளை நினைத்துப் பாருங்கள். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, திருக்குடும்பத் திருநாள். காலை 6.28 மணிக்குச் சுமத்ரா அருகே கடலடியில் நிலம் அதிர்ந்தது. மூன்று மணி நேரத்திற்குள் அலை நம் கரையில் ஏறியது. தமிழகத்தில் மாண்டவர் சுமார் 8,000 பேர். அவர்களில் 6,000-க்கும் மேற்பட்டோர் அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில். வேளாங்கண்ணிக் கடற்கரையில் மாண்டவர்களில் பலர் மீனவர் அல்லர்; நம்மைப்போல் எங்கெங்கிருந்தோ அன்னையைத் தேடி வந்தவர்கள். எந்த ஊர், என்ன பெயர் என்று தெரியாமலே பலரை ஒன்றாக அடக்கம் செய்தார்கள். கடலுக்கும் மலைக்கும் உள்ள சம்பந்தம் இதுதான், அன்பர்களே.

வேளாங்கண்ணி ஆர்ச் அருகே அவர்களுக்கு நினைவுத் தூண் உண்டு. ஆண்டுதோறும் டிசம்பர் 26 அன்று பேராலயத்தில் திருப்பலி. பின்பு தூண் வரை மௌன ஊர்வலம். அங்கே மலரும் மெழுகுதிரியும் வைத்துப் பல சமயத்தாரும் சேர்ந்து செபிக்கிறார்கள். குமரிக் கரையில் குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி ஊர்களிலும் கூட்டுக் கல்லறைகளில் உறவினர்கள் அந்த நாளில் கூடி அழுகிறார்கள்.

மீண்டும் 2017-இல் ஒக்கிப் புயல். அது குமரிக் கடலைத் தாக்கிய நவம்பர் 30, மீனவராயிருந்த திருத்தூதர் அந்திரேயாவின் திருநாள். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை முதலிய ஊர்களிலிருந்து ஆழ்கடலுக்குப் போனவர்களில் பலருடைய உடல்கள் கரை சேரவே இல்லை. அந்தக் குடும்பங்களுக்குப் பெயர் பொறித்த கல்லே கல்லறை.

கல்லை நாட்டுவது ஒரு நாள் வேலை. காப்பதுதான் தலைமுறை வேலை. கடற்கரையில் உப்புக் காற்று சிமெண்டுக்குள் புகுந்து கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு பருத்துக் கல்லைப் பிளக்கும். வர்ணத்தில் எழுதிய பெயர் சில ஆண்டுகளில் உதிர்ந்துவிடும். நம் மலையில் உப்பில்லை. ஆனால் பனியும் பாசியும் உண்டு. இவற்றையெல்லாம்விடப் பெரிய எதிரி மறதி. 1964 டிசம்பர் 22-ஆம் நாள் இரவு வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. ரயிலும் பயணிகளோடு கடலுக்குள் போயிற்று. அங்கே சிதைந்த கோவிலின் சுவர்கள் இன்றும் நிற்கின்றன. செபிக்கப் பங்கு இல்லை. பார்க்க வருகிறவர்கள் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். மக்கள் இல்லாத கல் அவ்வளவுதான்.

ஆகவே இந்தக் கல்லை நாட்டிய நாம் மூன்று காரியங்களுக்கு உறுதி எடுப்போம்.

முதலாவது, பெயர். பங்கு அலுவலகத்தில் இன்று ஒரு தனி ஏடு திறந்திருக்கிறோம். கடலில் இழந்த உங்கள் உறவினரின் பெயரை வந்து எழுதுங்கள். அண்டை வீட்டார் வேறு சமயத்தவராயினும் அழைத்து வாருங்கள். அடக்கம் செய்த இடம் என்ற கட்டம் அந்த ஏட்டில் இல்லை.

இரண்டாவது, கை. நாம் கேட்பது பணமன்று. மாதம் ஓர் அன்பியம் முறைவைத்து வந்து பாசியைத் தேய்த்து, கல்லைக் கழுவி, சருகைக் கூட்டினால் போதும். பங்குக் குருக்கள் மாறுவார்கள். இந்த முறை மாறக் கூடாது.

மூன்றாவது, குரல். டிசம்பர் 26 அன்றும் நவம்பர் 30 அன்றும் திருப்பலியில் அந்தப் பெயர்களை உரக்க வாசிப்போம். வாசிக்க வேண்டியவர்கள் நம் பிள்ளைகள். சுனாமிக்குப் பின் பிறந்தவர்கள் இன்று இளைஞர் குழுவில் இருக்கிறார்கள்; அவர்களுக்கு அது கேள்விப்பட்ட கதை. வாயால் ஒருமுறை வாசித்த பெயர் அவ்வளவு எளிதில் மறக்காது.

யூபிலி என்பது கொட்டும் குழலும் மட்டுமா? மோசேயின் சட்டப்படி, யூபிலி ஆண்டில் ஒவ்வொருவரும் தம் சொந்த நிலத்துக்கும் தம் சுற்றத்தாரிடமும் திரும்ப வேண்டும். திரும்ப முடியாதவர்களை என்ன செய்வது? அவர்கள் பெயரையாவது நாம் வீட்டுக்கு அழைத்து வரலாம். கடலும் தன்னிடமுள்ள இறந்தோரை ஒருநாள் ஒப்படைக்கும் என்பது நம் விசுவாசம். அந்த நாள் வரை அவர்களுக்கு இடம் வைத்திருப்பது நம் வேலை.

அந்தத் தாய் இதோ நம் நடுவில் நிற்கிறார். ஏட்டின் முதல் வரியில் அவர் மகனுடைய பெயரை எழுதியிருக்கிறோம். இப்போது நாம் எல்லாரும் வாசலருகே போவோம். முதல் திரியை அம்மா ஏற்றட்டும். இந்த முறை அவரைத் தாண்டிப் போகாமல், தீர்த்தத்தோடு அவர் அருகில் நிற்கிறோம்.

ஆண்டவரே, நித்திய இளைப்பாற்றியை அவர்களுக்குத் தந்தருளும். ஆமென்.