முடிந்த கணக்கும் சட்டத்தின் எல்லையும்

(கோவளத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)



இல்லறத்தார்க்குரிய அணுவிரதங்களுள் பொருளுக்கு எல்லை வகுத்தல் ஒன்று. வரி விதிக்கும் அதிகாரத்திற்கும் எல்லை உண்டு.

அடிப்படைச் செய்திகளை முழுமையாக வெளியிடுவதே வரி செலுத்துவோர் கடமை. முடிவு காண்பது அதிகாரியின் பணி என்று 1961இல் கல்கத்தா டிஸ்கவுண்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் உரைத்தது. அதிகாரியின் கருத்து மாறியது மட்டுமே முடிந்த கணக்கைத் திறக்கக் காரணமாகாது என 2010இல் கெல்வினேட்டர் வழக்கில் தெளிவாக்கியது.

1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2024 திருத்தப்படி, மதிப்பீட்டாண்டு முடிந்து 3 ஆண்டு 3 மாதத்திற்குள் மறுமதிப்பீட்டு அறிவிப்பு வரவேண்டும். விடுபட்ட வருமானம் 50 இலட்சம் ரூபாயோ அதற்கு மேலோ எனில் 5 ஆண்டு 3 மாதம்.

ஆதலின் ஏடுகளைப் பேணுக. காலவரம்பு அனைவர்க்கும் பொது. அவ்வரம்புக்குள் காப்பது வாய்மையான கணக்கே.