சிறு வியாபாரமும் விளம்பர வாசகமும்

விளம்பரம் பெருஞ்செல்வர் செய்யும் பெருஞ்செலவு என்றும், சிறு கடைக்காரருக்கும் கைத்தொழில் செய்வோருக்கும் அதனால் ஆவது ஒன்றுமில்லை என்றும் பலர் எண்ணுகின்றனர். ஆனால் கடையின் பெயர்ப்பலகை ஒரு விளம்பரம். பொட்டலத்தின்மேல் ஒட்டப்படும் சீட்டு ஒரு விளம்பரம். சந்தையில் வழங்கும் துண்டுப் பிரசுரமும் விளம்பரமே. வியாபாரம் செய்வோர் எவரும் ஏதோ ஒரு வகையில் விளம்பரம் செய்தே தீர்கின்றனர். பெரிய நிறுவனத்தின் விளம்பரமொன்று வீணானால் அதன் கணக்கில் ஒரு வரி குறையும். சிறு வியாபாரியின் விளம்பரம் வீணானால், அடுத்த மாதம் சரக்கு வாங்க வைத்திருந்த முதலே கரைந்துபோகும். ஆதலின் விளம்பர வாசகத்தை ஆராய்ந்து எழுதவேண்டிய தேவை சிறியவருக்கே அதிகம்.

இலங்கையர் நன்கறிந்த ஒரு பெயரை இங்கு எடுத்துக்கொள்ளலாம். தோமஸ் லிப்டன் 1871 ஆம் ஆண்டில் கிளாஸ்கோ நகரில் சிறியதொரு உணவுப்பொருட் கடையைத் திறந்தார். 1881 ஆம் ஆண்டு நத்தார்க் காலத்தில் மிகப் பெரிய பாற்கட்டியொன்றை வரவழைத்து, அதனுள்ளே பொற்காசுகளைப் பொதிந்து விற்றார். கூட்டம் அலைமோதியது. எனினும் இத்தகைய வேடிக்கை ஒரு நாட் கூட்டத்தையே சேர்க்கும். வந்தவர் மறுமுறையும் வருவதற்கு வேறொன்று வேண்டும்.

1890 ஆம் ஆண்டில் லிப்டன் இலங்கைக்கு வந்து மலைநாட்டிலே தேயிலைத் தோட்டங்களை வாங்கினார். அக்காலத்துப் பிரித்தானியக் கடைகளில் தேயிலை பெட்டிகளிலிருந்து அள்ளி நிறுத்து விற்கப்பட்டது. நிறை சரியா, இலை புதியதா, இடையில் எத்தனை பேர் இலாபம் வைத்தனர் என்னும் ஐயங்கள் வாங்குவோர் மனத்தில் இருந்தன. லிப்டன் தேயிலையை ஒரு றாத்தல், அரை றாத்தல், கால் றாத்தல் பொதிகளாகக் கட்டி, நிறையைப் பொதியின் மேலேயே அச்சிட்டார். றாத்தல் ஒன்றை 1 ஷில்லிங் 7 பென்சுக்கு விற்றார். தோட்டத்திலிருந்து நேரே வீட்டுத் தேநீர்ப் பாத்திரத்திற்கு வருவது என விளம்பரம் செய்தார். மூன்று ஐயங்களுக்கும் மூன்று விடைகள் கிடைத்தன. வாசகம் எழுதப் புகுமுன், தம் பொருளை வாங்கத் தயங்குவோர் ஏன் தயங்குகின்றனர் என்பதை ஒரு தாளில் வரிசையாகக் குறித்துக்கொள்ளுதல் இதனால் பெறப்படும் முதற் பாடம்.

இரண்டாவது பாடத்தை அமெரிக்க விளம்பர எழுத்தாளர் குளோட் ஹொப்கின்ஸ் கற்பித்தார். ஷிலிட்ஸ் என்னும் பியர் நிறுவனத்திற்காக எழுத அவர் அமர்த்தப்பட்டார். அந்நாளில் எல்லா நிறுவனங்களும் தத்தம் பியர் தூய்மையானது என்றே பறைசாற்றி வந்தன. அச்சொல் எவர் காதிலும் ஏறவில்லை. ஹொப்கின்ஸ் தொழிற்சாலைக்கே சென்று பார்த்தார். போத்தல்கள் பலமுறை கழுவப்படுவதையும், ஆழ்கிணற்று நீர் பயன்படுவதையும், வடிகட்டிய காற்று நிரம்பிய கண்ணாடி அறைகளையும் கண்டு வியந்தார். பிற நிறுவனங்களும் இவ்வாறே செய்கின்றன என்றனர் உரிமையாளர். செய்கின்றனரேயன்றி எவரும் சொல்லவில்லை என்பதை ஹொப்கின்ஸ் உணர்ந்து, கண்டவற்றை அப்படியே எழுதினார். சில மாதங்களிலேயே விற்பனை பெரிதும் உயர்ந்ததாக அவர் தமது சுயசரிதையிற் கூறுகிறார்.

இம்முறை எந்தச் சிறு தொழிலுக்கும் பொருந்தும். நல்லெண்ணெய் விற்பவர் ஒருவர் ‘தூய எண்ணெய், சிறந்த எண்ணெய்’ என்று எழுதினால் அது பத்தோடு பதினொன்றாகும். எள் எங்கிருந்து வாங்கப்பட்டது, எத்தனை முறை புடைத்துக் கல் நீக்கப்பட்டது, எந்த நாளில் செக்கில் ஆட்டப்பட்டது, எத்தனை நாள் தெளியவிடப்பட்டது என்பவற்றை எழுதினால், ‘தூய’ என்ற சொல்லே வேண்டியதில்லை. வாசிப்பவர் தாமே அம்முடிவுக்கு வருவர்.

மூன்றாவது, எது பயன் தருகிறது என்பதை எண்ணிப் பார்த்தல். ஒரே பொருளுக்கு எழுதிய இரு விளம்பரங்களுள் ஒன்று மற்றதைவிட 19½ மடங்கு விற்றதைத் தாம் கண்டதாக ஜோன் கேப்பிள்ஸ் என்ற அமெரிக்க எழுத்தாளர் குறித்துள்ளார். சிறு வியாபாரியும் இதனைச் சோதிக்கலாம். ஒரே அளவான இரு துண்டுப் பிரசுரங்களை வெவ்வேறு தலைப்பில் அச்சிட்டு, மூலையில் வெவ்வேறு அடையாளமிட்டு, துண்டைக் கொண்டுவருவோருக்குச் சிறு விலைக்கழிவு தரலாம். மாத முடிவில் எந்தத் துண்டு அதிகம் திரும்பியது என எண்ணினால், பயன் தந்த தலைப்பு எதுவென்று தெரியும். அடுத்த முறை அதனையே அச்சிடலாம்.

இவை யாவற்றுக்கும் அடிப்படை வாய்மை. லிப்டனின் தேயிலை விளம்பரங்கள் தோட்டத்தின் பெருமையைச் சொல்லின. அத்தோட்டங்களில் கொழுந்து பறித்து லயன்களில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளரின் கூலியையும் துயரையும் சொல்லவில்லை. விளம்பரம் சொல்லாது விடுவதும் ஒரு செய்தியே என்பதை மலைநாட்டார் நன்கறிவர். சொல்லாது விடுவது அவ்வாறாக, இல்லாததை உண்டென்று சொல்வது குற்றமாகவே முடியும். இலங்கையில் 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், நுகர்வோரைத் தவறான வழியிற் செலுத்தும் கூற்றுகளைத் தடை செய்கிறது. சட்டம் ஒருபுறமிருக்க, சிறு கடைக்கு வருவோர் பெரும்பாலும் அவ்வூரவரே. ஏமாந்தவர் ஒருவர் பத்து வீடுகளுக்குச் செய்தி கொண்டுசெல்வார். அச்செய்தியை மாற்ற எந்தப் பிரசுரத்தாலும் இயலாது.

எழுதி முடித்த வாசகத்தை உடனே அச்சகத்திற்கு அனுப்பாது, அப்பொருளை அறியாத அயலவர் ஒருவருக்கு ஒருமுறை வாசித்துக் காட்டுதல் நலம். பின்னர் தாளை மடித்து வைத்துவிட்டு, என்ன பொருள், என்ன விலை, எங்கே கிடைக்கும், ஏன் அதனை வாங்கவேண்டும் என்னும் நான்கையும் அவரிடம் கேட்கவேண்டும். நான்கிற்கும் தடையின்றி விடை வந்தால் அச்சிடலாம். ஒன்றிற்கு அவர் தடுமாறினாலும், மீண்டும் எழுதுவதற்குத் தாளும் பேனாவுமே செலவு. அச்சிட்ட பின்னர் திருத்துவதாயின் செலவு பெரிது.