விடுபடும் பெயர்கள்



அமெரிக்கக் கால்பந்து, பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடும் ஆட்டம். அதன் தலைசிறந்த வீரர்களைப் போற்றும் புகழ் மன்றம், ஓஹியோ மாநிலத்தின் கேன்டன் நகரில் 1963-இல் திறக்கப்பட்டது.

சின்சினாட்டி பெங்கால்ஸ் அணியின் தடுப்பு வீரர் கென் ரைலி. 1969 முதல் 1983 வரை 15 சீசன்கள் ஆடி, எதிரணி எறிந்த பந்தை 65 முறை இடைமறித்துப் பிடித்தவர். ஓய்வு பெற்றபோது அவரை மிஞ்சியவர்கள் மூவரே. ஆனாலும், ஆண்டுதோறும் சிறந்த வீரர்களை அழைக்கும் புரோ பவுல் ஆட்டத்துக்கு அவர் ஒருமுறைகூடத் தேர்வாகவில்லை. 2020-இல் மறைந்தார். புகழ் மன்றத்தில் இடம் கிடைத்தது 2023-இல்.

ஏன் இப்படி? மன்றத்தில் ஆண்டுக்குச் சிலருக்கே இடம். தேர்வுக் குழுவில் பெரும்பாலும் பத்திரிகையாளர்கள். அவர்கள் முன் பழைய கௌரவங்களே புதியதற்குச் சான்றாக நிற்கின்றன. ஒருமுறை விடுபட்டவர் மறுமுறையும் விடுபடுகிறார்.

நம் பள்ளிகளிலும், சென்ற ஆண்டு பரிசு வாங்கிய பிள்ளையின் பெயர்தான் இந்த ஆண்டும் முதலில் நினைவுக்கு வருகிறது. அடுத்த பட்டியலை எழுதுமுன் வருகைப் பதிவேட்டை முதல் பெயரிலிருந்து ஒருமுறை வாசியுங்கள். பாராட்டு, உரியவர் காதில் விழும் காலத்திலேயே போய்ச் சேரட்டும்.