டாலியாவின் நிறங்களும் நாம் சொல்லும் அர்த்தங்களும்

(நூற்றாண்டு நிகழ்வுகளின் தொடக்கத்தில் பழைய மாணவியர் ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரை)



டாலியாவின் வகைகள், நிறங்கள், அவற்றின் அர்த்தங்கள் பற்றிப் பேசும்படி சங்கத்தினர் கேட்டுக்கொண்டார்கள். நுவரெலியாப் பக்கம் போனவர்கள் இந்தப் பூவை வீட்டு முற்றங்களில் கண்டிருப்பீர்கள். குளிரான காலநிலையை விரும்பும் செடி இது. வெளிநாட்டில் வாழும் எம்மவர் பலர் கோடையில் இதை நட்டு, பனிக்காலம் வரும்போது கிழங்கைக் கிளறி எடுத்துப் பத்திரப்படுத்துகிறார்கள்.

இதன் தாயகம் மெக்சிக்கோவும் மத்திய அமெரிக்காவும். அங்குள்ள பூர்வீகக் குடிகள் கிழங்கை உணவாகவும் மருந்தாகவும் கொண்டார்கள். 1789ஆம் ஆண்டில் மெக்சிக்கோ நகரத்துத் தாவரவியற் பூங்காவிலிருந்து ஸ்பெயினின் மட்ரிட் நகருக்கு விதைகள் அனுப்பப்பட்டன. அங்கு மலர்ந்த செடிக்கு கவனியேஸ் என்ற தாவரவியலாளர் 1791இல் 'டாலியா' என்று பெயரிட்டார். அந்தப் பெயர் சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் அண்டர்ஸ் டாலின் நினைவாக வைக்கப்பட்டது. அவரோ 1789இலேயே காலமாகிவிட்டார். பின்னர் ஜேர்மனியில் வேறொருவரின் நினைவாக 'ஜோர்ஜினா' என்று பெயர் வைத்தார்கள். ருஷ்யர் இன்றும் அந்தப் பெயரின் வழிவந்த சொல்லாலேயே இதை அழைக்கிறார்கள். 1963இல் மெக்சிக்கோ இதனைத் தனது தேசிய மலராக அறிவித்தது.

இனி வகைகள். டாலியா சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. நாம் ஒரு பூ என்று பார்ப்பது உண்மையில் பல சின்னஞ்சிறு பூக்களின் கூட்டம். ஒரே வரிசை இதழும் நடுவில் மஞ்சள் வட்டமும் உடையது ஒற்றை டாலியா. பந்துபோல் உருண்டு, ஐந்து சென்ரிமீற்றர் அளவில் நிற்பது பொம்பொன். இதழ்கள் சுருண்டு ஊசிபோல் நீள்வது கக்ரஸ். தாமரைபோல் விரிவது, உள்ளே குட்டை இதழ்களால் ஒரு கழுத்துப்பட்டி அணிந்தது, சாப்பாட்டுக் கோப்பை அளவு பெரியது என இன்னும் பல உண்டு.

ஒரே செடியினத்தில் இவ்வளவு வேறுபாடு எப்படி வந்தது? பெரும்பாலான தாவரங்களிலும் விலங்குகளிலும் நிறமூர்த்தங்கள் இரண்டு தொகுதிகளாக இருக்கும். தோட்டத்து டாலியாவில் எட்டுத் தொகுதிகள், மொத்தம் 64 நிறமூர்த்தங்கள். அதனால் விதை போட்டால் தாயைப்போலப் பிள்ளை வராது. வெள்ளைப் பூவின் விதையில் ஊதாவும் வரலாம். அதே பூ வேண்டுமென்றால் கிழங்கைப் பிரித்து நட வேண்டும். அப்போதும் தண்டின் அடியில் உள்ள முளைக்கண் ஒவ்வொரு துண்டிலும் இருக்க வேண்டும். கண் இல்லாத கிழங்கு முளைக்காது.

நிறங்களில் வெள்ளை, மஞ்சள், செம்மஞ்சள், இளஞ்சிவப்பு, சிவப்பு, ஊதா எல்லாம் உண்டு; தூய நீலம் மட்டும் இல்லை. கறுப்பு டாலியா எனப்படுவது மிகக் கடுஞ்சிவப்பே.

இவற்றுக்குப் பூக்கடைகள் தரும் அட்டவணையில் சிவப்பு அன்பும் வலிமையும், வெள்ளை தூய்மை, மஞ்சள் மகிழ்ச்சி, இளஞ்சிவப்பு கனிவு, கறுப்பு துரோகம் என்று இருக்கும். ஆனால் பழைய நூல்களைப் புரட்டினால் இந்த ஒழுங்கு குலைந்துவிடுகிறது. 19ஆம் நூற்றாண்டின் ஆங்கில 'மலர்மொழி' நூல்களில் ஒன்று, 1884இல் கேற் கிரீனவே வெளியிட்டது, டாலியாவுக்கு 'நிலையின்மை' என்று பொருள் சொல்கிறது. அதே நூற்றாண்டின் வேறு நூல்கள் 'கண்ணியம்' என்கின்றன. பூ மாறவில்லை, அர்த்தம் சொன்ன மனிதர்தான் வேறு.

இதை நாம் வேடிக்கையாகக் கேட்டுவிட்டுப் போகலாம். ஆனால் பூவுக்கும் நிறத்துக்கும் அர்த்தம் கற்பிப்பதில் நாமும் சளைத்தவர்கள் அல்லர். வெள்ளை எங்களுக்குப் பள்ளிச் சீருடையின் நிறம், கலைமகளின் நிறம். அதே வெள்ளையைக் கணவனை இழந்தவளின் நிறமாகவும் வைத்தோம். பூவையும் பொட்டையும் ஒருத்திக்கு உரிமையாக்கி, இன்னொருத்தியிடமிருந்து பறித்தோம். போரும் நோயும் கடலும் எத்தனை வீடுகளில் ஆண்களைக் கொண்டுபோயின என்பதை இங்கிருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த வீடுகளைத் தாங்கி நிறுத்திய பெண்களில் எங்கள் பழைய மாணவிகளும் இருக்கிறார்கள். அவர்களில் பலர் மண்டப வாசலில் பூத்தட்டைக் கண்டதும் மெல்ல ஒதுங்கி உள்ளே போய்விடுவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். மங்கல விளக்கேற்ற அழைக்கும்போது "வேறு யாரையாவது கூப்பிடுங்கோ" என்று பின்னால் நிற்பவர்களும் அவர்கள்தான்.

ஒரு பூவின் அர்த்தம் பத்து வருடத்தில், ஒரு கடலைத் தாண்டியதும் மாறுமென்றால், இந்த அர்த்தத்தையும் நாம் மாற்றலாம். அது யாருடைய சமயத்தையும் குறைப்பதாகாது. ஆகவே நூற்றாண்டு விழாக் குழுவினரிடம் இரண்டு வேண்டுகோள்கள். வாசலில் பூத்தட்டு ஏந்தும் மாணவிகளிடம், வருபவரின் நெற்றியைப் பார்க்காமல் எல்லோரிடமும் நீட்டும்படி முன்கூட்டியே சொல்லிவையுங்கள். வேண்டாம் என்பவரை வற்புறுத்தவும் வேண்டாம். எடுப்பதும் விடுவதும் அவரவர் விருப்பம். அடுத்து, விளக்கேற்றுவோரின் பெயர்களை வயதையும் சேவையையும் வைத்துத் தெரிவு செய்யுங்கள். குடும்ப நிலை அந்தப் பட்டியலில் ஒரு தகுதியாக வேண்டாம்.

நூறு ஆண்டுகளாகப் பெண்களுக்கு எழுத்தறிவித்த பாடசாலை இது. அதன் வாசலில் ஒரு பூவுக்குப் புதிய பொருள் எழுதுவது எங்களால் முடியாத காரியம் அல்ல.