பந்து உருளும் முன்பே முடிய வேண்டிய வழக்கு



பன்னாட்டுக் கால்பந்தில் ஓர் ஆட்டக்காரர் எந்த நாட்டுக்கு ஆடலாம் என்பது பற்றிய தகராறுகளை இந்தக் கருத்தரங்கு ஆராய இருக்கிறது. கட்டுரையாளர்கள் சொல்லப் போவதை எல்லாம் முன்கூட்டியே சொல்லி அவர்கள் நேரத்தை நான் எடுத்துக்கொள்ளப் போவதில்லை. ஒரே ஒரு கருத்தை உங்கள் முன் வைக்கிறேன். ஆட்டக்காரரின் தகுதி, பந்து உருளும் முன்பே முடிவாகிவிட வேண்டும். இன்று பெரும்பாலும் ஆட்டம் முடிந்து, புள்ளி இழந்த அணி புகார் கொடுத்த பிறகுதான் விசாரணையே தொடங்குகிறது. அந்தத் தாமதத்தின் சுமை ஆட்டக்காரர் தலையிலும் ரசிகர் தலையிலும் விழுகிறது. ஆவணங்களைச் சரிபார்க்க வேண்டியவர்கள் எளிதாகத் தப்பிவிடுகிறார்கள்.

தென் அமெரிக்காவிலிருந்து தொடங்குகிறேன். 2016 செப்டம்பரில் ரஷ்ய உலகக் கோப்பைக்கான தகுதிச் சுற்று நடந்துகொண்டிருந்தது. பொலிவியா பெருவை 2-0 என்று வென்றது. சில நாட்களில் சிலியுடன் கோலின்றிச் சமன் செய்தது. இரண்டு ஆட்டங்களிலும் நெல்சன் கப்ரேரா என்ற தடுப்பாட்டக்காரர் மாற்று ஆளாக இறங்கினார். பராகுவேயில் பிறந்து, பொலிவியக் குடியுரிமை பெற்றவர். அந்த நாட்டுச் சட்டப்படி அவர் குடிமகன். அதில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் பிறப்பாலோ, பெற்றோர் வழியிலோ, தாத்தா பாட்டி வழியிலோ தொடர்பில்லாமல் புதிதாகக் குடியுரிமை பெறுபவர், பதினெட்டு வயதுக்குப் பிறகு குறைந்தது ஐந்தாண்டுகள் அந்த மண்ணில் வாழ்ந்திருக்க வேண்டும் என்பது அப்போதைய ஃபிஃபா விதி. கப்ரேராவுக்கு ஐந்தாண்டு நிறைந்திருக்கவில்லை. சிலி புகார் கொடுத்தது. இரண்டு ஆட்டங்களும் 3-0 என எதிரணிகளுக்கு வழங்கப்பட்டன. லோசானில் உள்ள விளையாட்டு நடுவர் தீர்ப்பாயம் 2017 ஆகஸ்டில் அதை உறுதிசெய்தது.

இதன் விளைவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். சிலிக்கு 2 புள்ளி கூடியது, பெருவுக்கு 3. அக்டோபரில் சுற்று முடிந்தபோது இரு அணிகளும் 26 புள்ளிகளில் நின்றன. கோல் வித்தியாசத்தில் பெரு ஐந்தாம் இடம். சிலி ஆறாம் இடம். அந்தத் தீர்ப்பு வராதிருந்தால் சிலிக்கு 24, பெருவுக்கு 23. கோபா அமெரிக்காவை 2015, 2016 என்று அடுத்தடுத்து வென்ற சிலியின் தலைமுறை, தன் சம்மேளனம் கொடுத்த புகாரின் பலனாகவே ரஷ்யாவுக்குப் போகும் வாய்ப்பை இழந்தது. பெரு, ஐந்தாம் இடத்தால் கிடைத்த கூடுதல் சுற்றில் நியூசிலாந்தை வென்று, 36 ஆண்டுகளுக்குப் பிறகு உலகக் கோப்பைக்குள் நுழைந்தது. பெரு மக்கள் அந்த மகிழ்ச்சிக்கு முழு உரிமை உடையவர்கள். என் வருத்தம் வேறு. கப்ரேரா எந்த ஆண்டு பொலிவியாவில் குடியேறினார் என்ற ஒரே கேள்வியை, அணிப் பட்டியல் போட்ட அன்று ஒருவர் கேட்டிருந்தால் போதும். மூன்று நாடுகளின் விதி களத்திலேயே தீர்ந்திருக்கும்.

ஐந்தாண்டு கழித்து மறுபடியும் சிலி. இம்முறை எதிர்த்தரப்பு ஈக்வடார். ஆட்டக்காரர் பைரன் காஸ்டியோ. ஈக்வடார் ஆவணங்களின்படி அவர் 1998-இல் பிளாயாஸ் நகரில் பிறந்தவர். கொலம்பியாவின் துமாக்கோவில் 1995-இல் பிறந்தவர் என்றது சிலி. அவர் ஆடிய எட்டு ஆட்டங்களின் புள்ளிகளையும் ஈக்வடாரிடமிருந்து பறிக்க வேண்டும் என்று கேட்டது. ஃபிஃபாவின் ஒழுங்கு நடவடிக்கைக் குழுவும் மேல்முறையீட்டுக் குழுவும் புகாரைத் தள்ளுபடி செய்தன. 2022 நவம்பர் 8 அன்று, கத்தாரில் உலகக் கோப்பை தொடங்கப் பன்னிரண்டு நாள் இருக்கையில், லோசான் தீர்ப்பு வந்தது. ஈக்வடார் சட்டம் அவரைத் தன் குடிமகனாக ஏற்றிருப்பதால் அவர் ஆடத் தகுதியானவர் என்றது தீர்ப்பாயம். ஆனால் அவரது கடவுச்சீட்டில் இருந்த பிறந்த இடமும் தேதியும் பொய் என்றும், அந்த ஆவணத்தைப் பயன்படுத்திய குற்றம் சம்மேளனத்தைச் சேரும் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. தண்டனை ஒரு லட்சம் சுவிஸ் பிராங்கும், அடுத்த தகுதிச் சுற்றில் 3 புள்ளிக் குறைப்பும்.

இளம் ஆய்வாளர்கள் இந்தத் தீர்ப்பை வரிக்கு வரி படிக்க வேண்டும். குடியுரிமை வேறு, அதற்கு ஆதாரமான ஆவணத்தின் உண்மை வேறு என்று அது தெளிவாகப் பிரித்துக் காட்டுகிறது. சட்டப்படி அது சரியான தீர்ப்பு என்பதே என் முடிவு. ஆனால் நீதி எங்கே போய் விழுந்தது என்று பாருங்கள். தகுதி உண்டு என்று தீர்ப்பாயம் சொன்ன அதே மாதத்தில், கத்தாருக்குப் போன ஈக்வடார் அணிப் பட்டியலில் காஸ்டியோவின் பெயர் இல்லை. அடுத்த சுற்றில் மைனஸ் 3 புள்ளியோடு தொடங்கிய அணி, 29 புள்ளி எடுத்து இரண்டாம் இடம் பிடித்தது. வழக்கில் வென்றவர் உலகக் கோப்பையை இழந்தார். குற்றம் சுமத்தப்பட்ட சம்மேளனம் பெரிதாக எதையும் இழக்கவில்லை.

மலேசியாவில் நடந்தது இதைவிட வேதனையானது. ஆறுமுகம் கோல் காக்க, சந்தோக் சிங்கும் சோ சின் ஆனும் தடுப்பில் நிற்க, 1980 மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற நாடு அது. அந்த நாட்டு அணி 2025 ஜூன் 10 அன்று ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றில் வியட்நாமை 4-0 என்று வென்றது. அன்று ஆடிய ஏழு பேர் அர்ஜென்டினா, பிரேசில், ஸ்பெயின், நெதர்லாந்து நாடுகளில் பிறந்தவர்கள். தாத்தாவோ பாட்டியோ பினாங்கு, மலாக்கா, ஜோகூர், சரவாக் ஆகியவற்றுள் ஓரிடத்தில் பிறந்தவர் என்று காட்டித் தகுதி பெற்றிருந்தார்கள். ஃபிஃபா அந்தந்த நாட்டுப் பதிவேடுகளை நேரடியாகப் பெற்றுப் பார்த்தது. மலாக்கா என்று எழுதியிருந்த ஒரு தாத்தா பிறந்தது ஹேக் நகரில். கூச்சிங் என்று காட்டப்பட்ட இன்னொருவருக்கு ஸ்பெயினின் கெர்னிக்கா. மலேசியத் தேசியப் பதிவுத் துறையிடமோ கையால் எழுதிய மூலப் பதிவுகளே இல்லை. இரண்டாம்நிலைத் தகவல்களைக் கொண்டே அது நகல் கொடுத்திருந்தது. செப்டம்பரில் மலேசியக் கால்பந்துச் சங்கத்துக்கு மூன்றரை லட்சம் சுவிஸ் பிராங்க் அபராதம். ஆட்டக்காரர்களுக்கு ஆளுக்கு 2,000 பிராங்க் அபராதமும் பன்னிரண்டு மாதத் தடையும். நவம்பரில் ஃபிஃபாவின் மேல்முறையீட்டுக் குழுவும் அதையே உறுதிசெய்தது.

தன் தாத்தா எந்த ஊரில் பிறந்தார் என்பது ஒருவருக்குத் தெரியாமல் இருக்காது. ஆகவே ஆட்டக்காரர்களை முழுக்க நிரபராதிகள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்தத் தண்டனைப் பட்டியலில் ஏழு ஆட்டக்காரர்களின் பெயரும் ஒரு சங்கத்தின் பெயரும்தான் இருந்தன. சான்றிதழில் ஊர்ப்பெயரை மாற்றியவரின் பெயர் இல்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். ஹேக் நகரப் பதிவேடும் கெர்னிக்கா பதிவேடும் ஜூன் மாதத்திலும் அங்கேதான் இருந்தன. புகார் வந்த பிறகு தேடத் தெரிந்த ஃபிஃபா, அனுமதி கேட்டு மனு வந்தபோதே தேடியிருக்க முடியும்.

விதிகள் மாறக் கூடியவை என்பதற்கு முனிர் எல் ஹத்தாதி சாட்சி. ஸ்பெயினில் பிறந்த மொராக்கோ வம்சாவளி இளைஞர். 2014 செப்டம்பரில் மாசிடோனியாவுக்கு எதிரே சில நிமிடங்கள் ஸ்பெயினுக்காக ஆடினார். அது நட்பு ஆட்டம் இல்லை என்பதால் மொராக்கோவுக்கு ஆடும் வழி அடைபட்டுப்போனது. 2018-இல் தீர்ப்பாயமும் கைவிரித்தது. 2020-இல் ஃபிஃபா விதியைத் தளர்த்திய பிறகு, 2021 மார்ச்சில்தான் மொராக்கோ சட்டையை அணிந்தார். ஒரு கால்பந்து வாழ்வின் செழிப்பான ஆண்டுகள் அதில் கரைந்தன.

நம் நாட்டுக்கு வருகிறேன். இந்திய அரசமைப்பு இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. ஓசிஐ (வெளிநாட்டு இந்தியக் குடிமக்கள்) அட்டை வைத்திருப்போர் இந்திய அணிக்கு ஆட 2008 முதல் அனுமதி இல்லை. எனவே இசுமி அராட்டா ஜப்பானியக் குடியுரிமையைத் துறந்துதான் 2013-இல் இந்தியாவுக்கு ஆடினார். ஆஸ்திரேலியாவுக்காக 2019-இல் ஒரு நட்பு ஆட்டம் ஆடியிருந்த ரயன் வில்லியம்ஸ், 2025-இல் இந்தியக் கடவுச்சீட்டு பெற்றார். அவரது தாய்வழித் தாத்தா சந்தோஷ் கோப்பையில் பம்பாய்க்கு ஆடியவர். அண்டை நாடான இலங்கை, வெளிநாடுகளில் வளர்ந்த புலம்பெயர்ந்தோர் பிள்ளைகளைத் தன் அணியில் சேர்த்துவருகிறது. நம் கதவும் நாளை அகலத் திறக்கலாம். திறக்கும் முன்பே சரிபார்க்கும் முறை நம்மிடம் இருக்க வேண்டும் என்பதே என் கவலை. நூறாண்டுக்கு முந்தைய தாத்தாவின் பிறப்பை எந்தப் பதிவேட்டில் தேடுவது, ஞானஸ்நானப் பதிவு போதுமா, பழைய மாகாணப் பதிவு செல்லுமா என்பதற்கு இன்றே விடை தேடியாக வேண்டும்.

ஆய்வாளர்களிடம் நான் வேண்டுவது இதுதான். ஆட்டக்காரருக்குத் தேசபக்தி எவ்வளவு என்று அளக்கப் போகாதீர்கள். பெல்ஃபாஸ்டில் பிறந்த டேனியல் கேர்ன்ஸ் அயர்லாந்து குடியரசுக்கு ஆடலாம் என்று 2010-இல் தீர்ப்பளித்தபோது, தீர்ப்பாயம் சட்டத்தைத்தான் பார்த்தது. அவர் மனதைச் சோதிக்கவில்லை. நீங்களும் ஆவணத்தின் பாதையைத் தேடுங்கள். முதல் ஆட்டத்துக்கு முன்பே, பிறந்த ஊரின் மூலப் பதிவேட்டிலிருந்து சான்று பெறுவதைக் கட்டாயமாக்க எப்படி விதி எழுதலாம், பொய் ஆவணம் கொடுத்த அலுவலரைப் பெயர் சொல்லித் தண்டிக்க எப்படி வகைசெய்யலாம் என்று எழுதுங்கள். அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்துக்கு அனுப்ப வேண்டிய பரிந்துரையை நிறைவு அமர்வில் முடிவுசெய்வோம். உங்கள் திருத்தங்களை அதற்குள் எழுத்தில் கொடுத்துவிடுங்கள் என்று கேட்டு, கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.