பிறேக்குக்குள் புகுந்த காற்று

நல்லூர்க் கோயில் வீதியில் இப்போது ஒயில் டிஸ்க் பிறேக் பூட்டிய சைக்கிள்களையும் காண்கிறோம். நல்ல பிறேக்தான். ஆனால் பிடி பஞ்சுபோல உள்ளே அமிழ்ந்தால், தயவுசெய்து அந்த வண்டியில் றோட்டுக்கு இறங்காதீர்கள்.

பிடியை நாலைந்து தரம் அமத்துங்கள். அமத்த அமத்த இறுகினால், பெரும்பாலும் ஒயிலுக்குள் காற்று. ஒயில் நசுங்காது, காற்று நசுங்கும். கையின் பலம் அதிலேயே போய்விடுகிறது. பஞ்சர் ஒட்ட வண்டியைத் தலைகீழாக நிறுத்துகிறோமே, அப்போதும் பிடியடித் தொட்டியில் தங்கியிருந்த காற்று குழாய்க்குள் இறங்கலாம். நிமிர்த்திவைத்து மெல்ல மெல்ல அமத்த, சிலவேளை மேலேறிவிடும். ஏறாவிட்டால் கடையில் காற்றெடுக்க வேண்டும். ஷிமானோ பிறேக்குக்கு மினரல் ஒயில்தான். மோட்டார் சைக்கிளின் டொட் திரவத்தை ஊற்றினால் உள்ளே இருக்கும் றப்பர் பழுதாகிவிடும்.

பிடி இறுக்கமாக இருந்தும் சில்லு நிற்கவில்லையா? டிஸ்க் தகட்டைப் பாருங்கள். செயினுக்கு விட்ட எண்ணெய் ஒரு துளி தெறித்திருந்தாலே போதும், பிறேக் கீச்சிட்டு வழுக்கும். தகட்டை ஐசோபுரொப்பைல் அற்ககோலால் துடைக்கலாம். எண்ணெய் ஊறிய பாட் கட்டைகளையும், அரை மில்லிமீற்றர் தடிப்பே மிஞ்சும் அளவுக்குத் தேய்ந்தவற்றையும் சோடியாகவே மாற்றுங்கள்.